அஞ்சடி: சிங்கப்பூர் நடைவழியின் இருநூறு ஆண்டுகள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் மழை பிடித்துக்கொண்டால் யாரும் ஓடுவதில்லை. சாலையோரம் போய்க்கொண்டிருந்தவர் ஓர் எட்டு எடுத்து வைத்துப் பக்கத்துக் கடையின் முகப்புக்குள் ஏறிவிடுகிறார். தலைக்கு மேலே மாடியின் தளமே கூரை. இடப்பக்கம் கடை வாசல்கள், வலப்பக்கம் வரிசையாகத் தூண்கள். அங்கிருந்து அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று தெருமுனை வரை நனையாமல் போகலாம். பூக்கடையில் தொங்கும் மல்லிகைச் சரங்கள் தோளில் உரசும். மளிகைக் கடைக்காரர் வெளியே இறக்கிவைத்த வெங்காய மூட்டைகளுக்கு விலகி நடக்கவேண்டும். இரண்டு கட்டடங்கள் சேரும் இடத்தில் தரை சட்டென்று அரை அடி உயரும், அல்லது தாழும். பழகிய கால்கள் பார்க்காமலே ஏறி இறங்கும்.

இந்த வழிக்கு மலாயாத் தமிழர் வழங்கிய பெயர் அஞ்சடி. மலாய்க்காரர்களுக்குக் காக்கி லிமா. மொழி எதுவானாலும் ஐந்தடி அகலம்தான் பெயர். உண்மையில் அளவு தெருவுக்குத் தெரு மாறும், ஏழெட்டு அடி அகலமானவையும் உண்டு.

இதில் கவனிக்கவேண்டியது உடைமை. அஞ்சடியை நகராட்சி கட்டவில்லை. ஒவ்வொரு கடைவீட்டுக்காரரும் தம் நிலத்தில், தம் செலவில், தம் மாடிக்குக் கீழே கட்டியது அது. ஆனாலும் அதன் வழியே ஊர் நடப்பதை அவர் தடுக்க முடியாது. நடப்பவருக்கு இடம் வேண்டும் என்றால் சாலையிலிருந்துதான் கிள்ளி எடுக்கவேண்டும் என்று இன்றைய நகரங்கள் நினைக்கின்றன. சிங்கப்பூர் அதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வீடுகளிடம் கேட்டு வாங்கியது. வாங்கியது சுலபமாக நடந்தது. வாங்கியதைக் காப்பாற்றுவதற்குத்தான் கலவரம் வரைக்கும் போகவேண்டியிருந்தது.

ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் 1819இல் சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை நட்டுவிட்டுப் போனவர். 1822 அக்டோபரில் திரும்பி வந்து பார்த்தபோது ஊர் தன் போக்கில் வளர்ந்திருந்தது. ஆற்றங்கரையில் கண்ட இடத்தில் குடிசை, கிடங்கு, கடை. உடனே ஒரு நகரக் குழுவை அமைத்து, நவம்பர் 4ஆம் தேதியிட்ட நீண்ட உத்தரவு ஒன்றை அதன் கையில் கொடுத்தார். எந்தச் சமூகம் எங்கே குடியிருக்கவேண்டும், தெருக்கள் எப்படி ஓடவேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் வரைந்த படத்தில் ஆற்றோரமாகச் சூலியா கம்பம் என்றே ஒரு பகுதி குறிக்கப்பட்டிருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு அங்கே வழங்கிய பெயர் சூலியா.

அந்த உத்தரவின் நடுவில் ஒரு சிறு விதி. செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்படும் வீடுகளுக்கெல்லாம் முகப்பு ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு முன்தாழ்வாரம் வேண்டும். அது எந்நேரமும் திறந்து, தெருவின் இருபுறமும் தொடர்ச்சியான வழியாக அமையவேண்டும். ராஃபிள்ஸ் 1811 முதல் 1816 வரை ஜாவாவை நிர்வகித்தவர். டச்சுக்காரர்கள் அங்கே கட்டியிருந்த தாழ்வாரங்கள் அவர் மனத்தில் பதிந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எங்கிருந்து எடுத்தாலும், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, ஏறத்தாழ 170 நாள் நனைகிற ஊருக்கு, வெயிலும் சாயாமல் உச்சியில் நின்று காய்கிற ஊருக்கு, அதைவிடப் பொருத்தமான விதி எழுதியிருக்க முடியாது.

விதியை எழுதியவர் ஆங்கிலேயர். அதற்கான செங்கல்லில் தமிழரின் பங்கு உண்டு. பினாங்கில் கம்பெனி எழுத்தராக இருந்த நாராயண பிள்ளை 1819இல் ராஃபிள்ஸோடு கப்பலேறி வந்தவர். ஊர் கட்டப் போகிறார்கள், செங்கல் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுத் தஞ்சோங் பகாரில் சூளை வைத்தார். சிங்கப்பூரின் முதல் கட்டட ஒப்பந்தக்காரர் என்று அவரைச் சொல்வது வழக்கம். கிராஸ் ஸ்திரீட்டில் அவர் நடத்திய துணிக்கடை 1822 தீயில் எரிந்து கடனில் மூழ்கியபோது, ராஃபிள்ஸ் புதிய வணிகச் சதுக்கத்தில் இடம் கொடுத்துக் கைதூக்கிவிட்டார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை எழுப்பியவரும் அவரே. அந்தக் கோயிலின் கோபுரத்தால் பகோடா ஸ்திரீட் என்று பெயர் பெற்ற பக்கத்துத் தெரு இன்று வண்டி புகாத நடைத் தெரு.

பிள்ளை போன்ற வணிகர்களுக்குப் பின்னால் இன்னொரு கூட்டமும் வந்தது. விலங்கோடு வந்த கூட்டம். 1825 முதல் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளே சிங்கப்பூரின் சாலைகளையும் வாய்க்கால்களையும் வெட்டினார்கள், செங்கல் அறுத்தார்கள். 1862இல் புனிதப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கையால் எழுந்தது. அதன் சுவர்ப் பூச்சு மதராஸ் சுண்ணம்: சிப்பிச் சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்துப் பிசைந்து, தேங்காய் மட்டை ஊறவைத்த நீரை ஊற்றிக் குழைத்துப் பூசுவது. காய்ந்த பிறகு கல்லால் தேய்த்தால் பளிங்குபோல் மின்னும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்த வழவழப்பு புதிதல்ல.

கடைவீடு என்பது ஒடுங்கிய, நீளமான கட்டடம். தெருவைப் பார்த்த முகம் பதினாறு, பதினெட்டு அடிதான் இருக்கும். குறுக்கே போடும் மரத்தூலத்தின் நீளம் அவ்வளவே. பின்னால் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கீழே கடை, மேலே குடும்பம். அஞ்சடி இந்த இரண்டுக்கும் தெருவுக்கும் இடையே கிடந்தது. தமிழ்நாட்டிலிருந்து போனவருக்கு அது பார்த்தவுடன் திண்ணையாகத் தோன்றியிருக்கும். ஆனால் திண்ணையில் ஆள் உட்காரலாம், படுக்கலாம். அது வீட்டுக்காரர் விருந்தோம்பும் இடம். அஞ்சடியில் சட்டப்படி ஒன்றுதான் செய்யலாம்: நடக்கலாம். சட்டம் அப்படிச் சொன்னது. மக்கள் அதைத் திண்ணையாகத்தான் பாவித்தார்கள்.

பாவித்தது என்று சொல்வதுகூடக் குறைவுதான். கடைக்காரர் முதலில் ஒரு மூட்டையை வெளியே வைத்தார். பிறகு ஒரு மேசை. பிறகு, தம் கடை வாசலில் இரண்டடி இடத்தை ஒரு செருப்புத் தைப்பவருக்கோ நாவிதருக்கோ வாடகைக்கு விட்டார். இரவில் சீக்கியக் காவலர் கயிற்றுக் கட்டிலை அங்கேயே போட்டுப் படுத்தார். கூலித் தொழிலாளர் பலருக்கு மாடி அறையின் புழுக்கத்தைவிட அஞ்சடியின் காற்று மேலாக இருந்தது. நடப்பவர் சாலையில் இறங்கி மாட்டுவண்டிகளோடும் குதிரை வண்டிகளோடும் மல்லுக்கட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஆங்கிலப் பத்திரிகைகள் இதைப் பற்றிப் புலம்பத் தொடங்கிவிட்டன. நகராட்சி அவ்வப்போது விரட்டியது. விரட்டியவர் தெருமுனை திரும்பியதும் மேசைகள் திரும்பி வந்தன.

1887இல் வந்த நகராட்சிச் சட்டம் அஞ்சடிகளைக் காலி செய்யும் அதிகாரத்தைத் தெளிவாகக் கொடுத்தது. நகராட்சியை நடத்திய டாக்டர் ரோவல் விட்டுக்கொடுக்கும் ஆள் இல்லை. 1888 பிப்ரவரியில் ஆட்களை அனுப்பித் தெருத் தெருவாகச் சரக்கை அகற்றத் தொடங்கினார். 21ஆம் தேதி கடைகள் கதவடைத்தன. கூட்டம் தெருவில் இறங்கியது. கல் பறந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த நீராவி டிராம்களும் தப்பவில்லை. மூன்று நாள் நகரம் முடங்கியது. வரலாற்று நூல்களில் இதன் பெயர் தாழ்வாரக் கலவரம். கடைசியில் நடப்பவர் போக ஒரு வழி விட்டுவிட்டு மிச்சத்தில் சரக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற சமரசத்தோடு கடைகள் திறந்தன.

இந்தச் சமரசத்தை நகராட்சியின் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. அப்படிச் சொல்வது அநியாயம். அஞ்சடி முழுதும் நடப்பவருக்கே என்றால், கடைக்கு வெளியே ஐந்து வெள்ளி (டாலர்) முதலீட்டில் பிழைத்தவர் பட்டினி கிடக்கவேண்டும். முழுதும் வியாபாரத்துக்கே என்றால் நடப்பவர் வண்டிச் சக்கரத்தடியில் போகவேண்டும். ஐந்தடியில் இரண்டு மூன்றடியை வழிக்கு ஒதுக்கி, அந்த அளவை நாள்தோறும் பேரம் பேசிக் காப்பது அழகான தீர்வாக இல்லாமல் இருக்கலாம். அந்தத் தெருக்கள் நூறு ஆண்டு உயிரோடு இருந்ததற்கு அதுவே காரணம்.

விதி கடல் கடந்தும் போனது. பினாங்கின் ஜார்ஜ் டவுன், மலாக்கா, ஈப்போ எல்லாம் அஞ்சடி ஊர்கள். கோலாலம்பூர் 1881இல் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. அதன்பிறகு சிலாங்கூர் ரெசிடென்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல், ஓடு, அஞ்சடி மூன்றையும் கட்டாயமாக்கினார். அந்தச் செங்கல்லை அறுத்த இடம் பிரிக்ஃபீல்ட்ஸ், பின்னாளில் மலேசியத் தமிழரின் முக்கியக் குடியிருப்பு. 1871இல் சிங்கப்பூருக்கு வந்து போன சயாம் மன்னர் சுலாலங்கோர்ன் பாங்காக்கில் இதே பாணியில் கடைவீடுகள் எழ வழிசெய்தார். தென்சீனத் துறைமுகங்களிலும் தைவானிலும் இதே நிழல் வழியின் உறவினர்களை இன்றும் பார்க்கலாம்.

சிங்கப்பூர்த் தமிழரின் பிழைப்பில் பெரும்பகுதி இந்த ஐந்தடிக்குள் அடங்கியது. வறுத்த கடலையைக் காகிதக் கூம்பில் மடித்துக் கொடுத்தவர்கள், பூக்கட்டியவர்கள், கூண்டிலிருந்து கிளியை இறக்கிச் சீட்டெடுக்கச் சொன்ன சோதிடர்கள், எழுதத் தெரியாத கூலிக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள், பத்திரிகைக் கட்டைப் பிரித்து அடுக்கியவர்கள், நாணயம் மாற்றிய தமிழ் முஸ்லிம்கள். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு வாசகரின் கைக்குப் போய்ச் சேர்ந்த இடங்களில் அஞ்சடிக் கடையும் ஒன்று. செட்டியார்கள் மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தார்கள். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அஞ்சடியைத் தாண்டி வாசற்படி ஏறியதும், நீண்ட கூடம். இருபுறமும் சுவரோரம் பாய். ஒவ்வொரு பாயிலும் ஒரு தாழ்ந்த மேசை, ஒரு பெட்டகம், ஒரு செட்டியார். ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள். கடன் கேட்டு வருபவர் அஞ்சடியில் நின்று யோசித்துவிட்டு உள்ளே நுழைவார். சிறு கடைக்காரருக்கு வெள்ளைக்காரன் வங்கி கதவு திறக்காத காலத்தில் இந்தக் கூடங்கள் திறந்திருந்தன.

இருட்டான பக்கத்தையும் சொல்லவேண்டும். கடைவீட்டின் மாடியை மரத்தட்டியால் தடுத்துத் தடுத்து, சன்னலே இல்லாத பொந்து அறைகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தைக் குடிவைத்தார்கள். 1907இல் டாக்டர் சிம்ப்சன் எழுதிய சுகாதார அறிக்கை, காற்றும் வெளிச்சமும் புகாத இந்த வீடுகளைக் காசநோயின் கூடு என்ற முறையில் விவரித்து, வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் சந்துகள் வெட்டச் சொன்னது. சந்துகள் மெல்ல மெல்ல வந்தன. போருக்குப் பிறகு 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏழைக் குடித்தனக்காரரைக் காத்தது உண்மை. ஆனால் உறைந்துபோன வாடகையை வைத்து உடைமையாளர் ஓடு மாற்றக்கூட முன்வரவில்லை. சுண்ணாம்பு உதிர்ந்தது, தூலம் செல்லரித்தது, உள்ளே கூட்டம் மட்டும் பெருகியது.

ஆகவே 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்து, 1966இல் நில எடுப்புச் சட்டமும் நகரச் சீரமைப்புத் துறையும் வந்தபோது, இடிப்பதற்கு நியாயம் தேடவேண்டிய நிலை அரசுக்கு இல்லை. 1967 முதல் நகர மையத்தில் பழைய வரிசைகளை இடித்துச் சேர்த்த நிலம் விற்பனைக்கு வந்தது. பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ், கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் போன்ற பெருங்கட்டடங்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் வானத்தைத் தொட்டன. குடியிருந்தவர்களுக்குப் புறநகர் அடுக்குமாடிகளில் குழாய்த் தண்ணீரும் சொந்தக் கழிப்பறையும் கிடைத்தன. அதைப் பழிக்க யாருக்கும் வாய் வராது. பொந்தறையில் எட்டுப் பேர் படுத்த குடும்பத்திடம் போய்க் கடைவீட்டின் அழகைப் பற்றிப் பேசுவது பாவம்.

இழந்தது வேறு. பழைய தெருவில் நடப்பவர் கடைகளின் வாசல் வழியே போனார். புதிய கட்டடத்தில் கடைகள் உள்ளே திரும்பிக்கொண்டன. நடைவழி குளிரூட்டிய கூடத்துக்குள் போனது, கண்ணாடிக் கதவுக்கும் காவலருக்கும் உட்பட்டது, இரவில் பூட்டப்பட்டது. வெளியே சாலையைப் பார்த்து நின்றது சுவர், அல்லது கார் நிறுத்தத்தின் வாய். இருபது கடைவீடுகள் இருந்த இடத்தில் ஒரே கட்டடம் வந்தால், இருபது வாசல்கள் ஒன்றாகச் சுருங்குகின்றன. அதன் ஓரம் எவ்வளவு அகலமாக நடைபாதை போட்டாலும் அது நீண்ட நடையாகவே தெரியும்.

தெரு வியாபாரிகளின் கதை இதோடு இணைந்தே நடந்தது. 1968, 1969 ஆண்டுகளில் அரசு எடுத்த பதிவில் ஏறத்தாழ 18,000 தெரு வியாபாரிகள் இருந்தனர். 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டி, அவர்களைப் படிப்படியாக அங்கே குடியேற்றினார்கள். தண்ணீர், வடிகால், கூரை, உரிமம் எல்லாம் கிடைத்தது. சிராங்கூன் சாலையில் பழைய கண்டாங் கிர்பாவ் சந்தை போய், எதிரே 1982இல் இன்றைய தேக்கா நிலையம் வந்தது அந்த வரிசையில்தான். உணவங்காடிப் பண்பாடு 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. விரட்டியடிக்காமல் இடம் கொடுத்து மாற்றியதால் அந்தத் தொழில் பிழைத்தது. தெருவோர வியாபாரிகளை லாரியில் அள்ளிப் போடுவதையே தீர்வாக நினைக்கும் நகராட்சிகள் இந்தப் பதினைந்து ஆண்டுப் பொறுமையைப் படிக்கவேண்டும். ஆனால் இரவானால் விளக்கேற்றிக்கொண்டு தெருவில் கூடிய அந்தக் கூட்டம் கூரைக்கடியில் போனபிறகு, அஞ்சடிகள் வெறிச்சோடின.

மார்க்கெட் ஸ்திரீட்டின் கதி இதையெல்லாம் ஒரே தெருவில் காட்டும். கோல்டன் ஷூ என்று பெயரிடப்பட்ட வணிக மையத்தில் 1970இல் வாடகைக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது, வங்கிக் கோபுரங்களுக்கு நிலம் வேண்டும் என்பதற்காக. எழுபதுகளின் பிற்பகுதியில் கிட்டங்கிகள் காலியாகி இடிபட்டன. ஒன்றரை நூற்றாண்டு வட்டிக் கணக்கு எழுதிய தெருவில் 1984இல் பத்து மாடிக் கார் நிறுத்தம் எழுந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 2017இல் மூடி இடித்தார்கள். 2021இல் அங்கே 280 மீட்டர் உயரமுள்ள 51 மாடிக் கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடம் நின்றது. அதன் கீழ் மாடிகளில் உணவங்காடி உண்டு, காலடியில் வண்டி புகாத பசுமை நடைவழி உண்டு. கார்களுக்குக் கொடுத்த இடத்தை நாற்பது ஆண்டுக்குள் திரும்ப வாங்கி நடப்பவரிடம் கொடுத்திருக்கிறது நகரம். கிட்டங்கிகள்தான் திரும்பவில்லை.

கார் விஷயத்தில் சிங்கப்பூர் உலகுக்கு முந்திக்கொண்டது. 1975 ஜூன் 2ஆம் தேதி முதல், காலை நெரிசல் நேரத்தில் நான்கு பேருக்குக் குறைவாக ஏற்றிக்கொண்டு நகர மையத்துக்குள் நுழையும் கார் நாளொன்றுக்கு 3 வெள்ளி உரிமம் வாங்கவேண்டும் என்று சட்டம் வந்தது. நெரிசலுக்குக் கட்டணம் வாங்கிய முதல் நகரம் அதுவே. 1990இல் புதிதாகப் பதிவாகும் வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு போட்டார்கள். 1998இல் கட்டணம் மின்னணு முறைக்கு மாறியது. இதற்கிடையே 1987 நவம்பரில் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. காரைக் குறைத்தால் மட்டும் மக்கள் நடந்துவிடுவார்களா? ரயில் நிலையத்திலிருந்து அலுவலகம் வரையுள்ள எண்ணூறு மீட்டரில் வெயில் மண்டையைப் பிளந்தால் யாரும் நடக்கமாட்டார்கள். அப்போதுதான் பழைய விதியின் அருமை தெரிந்தது.

இடிப்பு வேகத்தைக் கண்டு எண்பதுகளில் கட்டடக் கலைஞர்களும் மரபு ஆர்வலர்களும் குரல் எழுப்பினார்கள். சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது என்ற கவலையும் அரசைத் தொட்டது. 1989 ஜூலை 7இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ உள்ளிட்ட வட்டாரங்கள் பாதுகாப்புப் பகுதிகளாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. இன்று 7,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாப்பில் இருக்கின்றன. கடைவீட்டைப் புதுப்பிக்கிறவர் அஞ்சடியை அடைக்கக் கூடாது. புதிதாகக் கட்டுகிறவர்களுக்கும் நகரின் பல தெருக்களில் முகப்பில் கூரையிட்ட நடைவழி விடவேண்டிய கட்டாயம் உண்டு. ராஃபிள்ஸின் விதி வேறு எண் போட்ட ஆவணத்தில் திரும்பி வந்திருக்கிறது.

காத்தது கட்டடத்தை. உள்ளே இருந்தவரைக் காக்க எந்த அரசிதழாலும் முடியவில்லை. வாடகைக் கட்டுப்பாடு 2001இல் முற்றாக நீங்கியது. புதுப்பித்த கடைவீடு கோடிக்கணக்கில் விலைபோனபோது, சவப்பெட்டி செய்தவரும் மிதியடி தைத்தவரும் சைனாடவுனை விட்டுப் போனார்கள். மதுக்கூடமும் வடிவமைப்பு நிறுவனமும் வந்தன. லிட்டில் இந்தியா அந்த அளவுக்கு மாறாததற்குக் காரணம் அங்கே இன்றும் கூடுகிற வாடிக்கையாளர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை, கட்டுமானத் தளங்களிலிருந்து வரும் தமிழ்நாட்டு, வங்கதேச இளைஞர்கள் அஞ்சடிகளை நிரப்பிவிடுகிறார்கள். முருங்கைக்காய், கைப்பேசி அட்டை, ஊருக்கு அனுப்பும் பணம், ஒரு தட்டுப் பரோட்டா. கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தின் வாசலில் வண்டிகள் ஓடுவதில்லை. அந்தச் சிறு தெருவில் தீபாவளிச் சந்தை நடக்கும் வாரங்களில் நிற்க இடம் கிடைக்காது.

கடைவீடு இல்லாத இடங்களுக்கு நிழலைப் புதிதாகக் கட்டவேண்டியிருந்தது. நிலப் போக்குவரத்து ஆணையம் ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரையிலும் கூரையிட்ட நடைவழிகளை நீட்டியது. 2018க்குள் இப்படிக் கட்டியவற்றின் நீளம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். எஃகுத் தூண், தகரக் கூரை, மழைக்குழாய். பயன் பெரியது. குடை எடுக்க மறந்த முதியவர் வீட்டு வாசலிலிருந்து ரயில் வரை நனையாமல் போகிறார். ஆனாலும் இந்த வழிகளில் ஓர் ஆள் தேங்காய் விற்பதில்லை, ஒரு கடை வாசல் திறப்பதில்லை. 1822இன் விதியில் நிழலைக் கட்டிக் கொடுத்தவரே அதன் ஓரத்தில் கடை போட்டு உட்கார்ந்திருந்தார். நடப்பவர் மீது அவருக்கு ஒரு கண் இருந்தது. இங்கே அரசு கட்டிக் கொடுத்த கூரை தனியாக நிற்கிறது.

சாலையிடமிருந்தும் கொஞ்சம் வாங்கியிருக்கிறார்கள். பென்கூலன் ஸ்திரீட்டின் அடியில் ரயில் பாதை அமைக்கத் தோண்டியவர்கள், 2017இல் மூடும்போது பழைய நான்கு வண்டித் தடங்களைத் திருப்பித் தரவில்லை. இரண்டை மட்டும் விட்டுவிட்டு மீதியில் அகலமான நடைபாதையும் சைக்கிள் பாதையும் மரமும் இருக்கையும் வைத்தார்கள். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டுக் கிடக்கும் எந்த நகரத்துக்கும் இது பயன்படும் செய்தி. குழியை மூடும் நாள்தான் சாலையைப் புதிதாகப் பங்கிடக் கிடைக்கிற நாள். மக்கள் ஏற்கெனவே அந்தத் தடங்கள் இல்லாமல் சில ஆண்டு வாழ்ந்து பழகியிருக்கிறார்கள்.

பழைய அஞ்சடிக்கு ஒரு நோய் இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு உடைமையாளரும் தம் மனைக்கேற்ற உயரத்தில் தரையைப் போட்டதால், மேடும் பள்ளமுமாகத்தான் அந்த வழி ஓடுகிறது. எட்டு வயதில் தாண்டிக் குதித்த படி எண்பது வயதில் மலையாகிறது. சக்கர நாற்காலியில் வருபவர் ஒரு வரிசைக் கடைகளைத் தாண்ட, பாதி வழியில் சாலையில் இறங்கவேண்டியிருக்கிறது. 1888க்கு முன்பு சரக்கு மூட்டைகள் செய்த அதே காரியத்தை இப்போது படிகள் செய்கின்றன. சாய்தளம் வைக்கலாம் என்றால், படி விழும் எல்லைக்கோடு இரண்டு உடைமையாளரின் நிலத்துக்கு நடுவில் ஓடுகிறது. சாய்வு யார் தரையில் விழவேண்டும், பழைய ஓட்டுத் தளத்தை உடைக்கலாமா, செலவு யாருடையது என்ற கேள்விகளை ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகப் பேசித் தீர்க்கவேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் 65 வயதைத் தாண்டியவர்களின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது. சில இடங்களில் சிமென்ட் சரிவும் சில இடங்களில் இரும்புப் பலகையும் வந்திருக்கின்றன. மற்ற இடங்களில் அரை அடிப் படி அப்படியே இருக்கிறது.